கட்டில் நின்ற இடத்தில் மிளகாய்ச் செடி

கோவில்பதாகை
19-1-1997

தசரதன் மாமாவுக்கு,

பூங்காவனம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பாதியாவது படியுங்கள். நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் தம்பியின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "கிட்னி போனவனுக்கு உப்பு குடுத்துக் குடுத்தே கொன்னுட்டா" என்று சொன்னவரிடம் நலம் விசாரிக்க எனக்கு வாய் வராது.

எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்குப் பட்டாபிராமில் மகள் வீட்டுக்குப் போன அத்தை இன்னும் இந்த வாசலை மிதிக்கவில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியோடு போய் நின்றேன். "அவ கையால தண்ணிகூட எனக்கு வோணாம்" என்று உள்ளே இருந்தே சொன்னார்கள். வாளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். பதினெட்டு வருஷம் அவர்களுக்குச் சோறு போட்ட கை இது.

சரி, எழுதுகிற காரணம் செடி. இவர் தொழிற்சாலைச் சம்பளக் கவர் ஒன்றில் மிளகாய் விதை எடுத்து வைத்திருந்தார். உப்பை நிறுத்தின பிறகு மோர் மிளகாய் மோர் மிளகாய் என்று ஏங்கிப் போன மனுஷன். மே ஏழாம் தேதி வருஷத் திவசம் வருகிறது. அன்றைக்கு அவர் விதையில் காய்த்த மிளகாயை உப்பு மோரில் ஊறவைத்து, வறுத்து, அவர் இலையில் வைக்க வேண்டும். எனக்கு அது போதும்.

நம் மனையில் மண் எங்கே இருக்கிறது, எல்லாம் கப்பியும் செங்கல் தூளும்தான். "மண்ணே வோணாம்டா, தேங்கா நாரு போதும்" என்று நீங்கள் அவரிடம் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. பத்துத் தொட்டி போட்டேன். வெளியே வைத்தால் ஆடு விடாது என்பதால் பின் அறையில், கிழக்கு ஜன்னல் ஓரமாக ஆறு. இடம் போதாமல் மற்ற நாலையும் அவர் கட்டில் கிடந்த இடத்தில் வைத்தேன். ஆறு செடியும் தளதளவென்று இருக்கின்றன. இந்த நாலு மட்டும் சரியில்லை. கீழ் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஓரம் தீய்ந்தது போலிருக்கிறது. ஒரு இலை உள்ளே வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியில் நீங்கள் தினமும் நாரையும் நார்த்தூளையும் சோதிக்கிறவர். என்ன குறை என்று செடிக்காகச் சொல்லுங்கள், எனக்காக வேண்டாம்.

பூங்காவனம்


பொள்ளாச்சி
27-1-1997

பூங்காவனத்துக்கு,

கடிதம் முழுதும் படித்தேன். செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நார் மண் மாதிரி கிடையாது. அதற்கென்று சொந்தச் சத்து எதுவும் இல்லை. ஆனால் எது முதலில் உள்ளே போகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. அதனால் நாரில் வளர்கிற செடிக்கு என்ன வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எந்த இலையில் வந்திருக்கிறது என்பதைத்தான். கீழே உள்ள பழைய இலையில் மஞ்சள் வந்தால், செடி அங்கிருந்து சத்தை எடுத்து மேலே குருத்துக்கு அனுப்புகிறது என்று அர்த்தம். குருத்திலேயே மஞ்சள் வந்தால் அது வேறு, இரும்புச் சத்துக் குறையாக இருக்கும். நீ அனுப்பியது பழைய இலை. நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக இருக்கிறது. மக்னீசியம் போதவில்லை.

தனியே ஒரு பார்சல் அனுப்புகிறேன். அதில் எப்சம் உப்பு இருக்கிறது. பெயரில்தான் உப்பு, சமையல் உப்பு இல்லை, பயப்படாதே. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. வாரம் ஒரு தடவை இலையில் தெளி, வேரிலும் ஊற்று.

பத்துத் தொட்டிக்கும் ஒரே நாரா? எந்தக் கடையில் வாங்கினது?

தசரதன்


கோவில்பதாகை
13-2-1997

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. என்னமாய்க் கட்டியிருக்கிறீர்கள்! கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை உள்ளே திணித்து ஒரு முடிச்சு. பல்லால் கடித்தும் அவிழவில்லை, கடைசியில் அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன்.

நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை ஊற்றியாயிற்று. ஜன்னல் ஓரச் செடிகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவை பூ எடுத்துவிட்டன. இந்த நாலும் மோசமாகிவிட்டன. இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் இலைகள் வீங்குகின்றன. அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருக்கிறது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. மாமா, அவர் கால் நினைவிருக்கிறதா? டாக்டர் விரலால் அழுத்தி, குழியைக் காட்டி, "நீர் இன்னும் வடியலை" என்பாரே, அதே குழி.

தொட்டி விளிம்பில் தினமும் காலையில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. கடைசிப் பத்து நாள் அவர் நெற்றியில் மாவு தூவினாற்போல வெள்ளையாய்ப் படிந்ததே, நான் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்ததே, அதே மாதிரி இருக்கிறது.

ஒரே நாரா என்று கேட்டீர்கள். இல்லை. திருமழிசையிலிருந்து வாங்கி வந்த மூட்டை ஆறு தொட்டிக்குத்தான் வந்தது. இந்த நாலுக்கும் வீட்டிலிருந்த பழைய நார்.

இலை ஓரம் தீய்ந்திருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

பூங்காவனம்


பொள்ளாச்சி
20-2-1997

பூங்காவனத்துக்கு,

மிளகாய், தக்காளி இலையில் கொப்புளம் வருவது உண்டு. வேர் குடிக்கிற தண்ணீர் இலை வழியாக வெளியேறாமல் தேங்கினால் வரும். அறைக்குள் காற்று போதவில்லை. நோயாளி அறை, பூட்டியே கிடந்த அறை. தொட்டிகளை மாடிக்குக் கொண்டுபோ. தனியாக இருக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் போனவர் ஞாபகம்தான் வரும். அதைச் செடி மேல் ஏற்றாதே.

விளிம்பில் பூக்கிற வெள்ளை, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பாக இருக்கலாம். ஓரம் தீய்வதற்கு வெயில் காரணமாக இருக்கலாம். குருத்தைப் பார்த்து எழுது. இரும்புச் சத்தாகவும் இருக்கலாம்.

வீட்டிலிருந்த பழைய நார் என்றால் எது? நம் வீட்டில் ஏது நார்?

தசரதன்


கோவில்பதாகை
2-3-1997

மாமாவுக்கு,

இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம். நார்த்தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே இது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்வீர்கள் என்று இவர் பெருமை அடிப்பார். ஒரு கடிதத்தில் மூன்று இருக்கலாம்!

தொட்டிகளை மாடிக்குக் கொண்டுபோனேன். மறுநாளே நாலும் தலை சாய்ந்துவிட்டன. திரும்பப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் நிமிர்ந்தன. வைத்த பிறகு பார்க்கிறேன், நாலும் கட்டிலின் நாலு கால் நின்ற தழும்பின் மேலேயே இருக்கின்றன. நான் பார்த்து வைக்கவில்லை.

எது நார் என்று கேட்டீர்கள். அவர் படுத்திருந்த மெத்தைதான். தொழிற்சாலைக் கூட்டுறவுக் கடையில் வாங்கின நார் மெத்தை. செத்தவர் படுத்ததை வீட்டில் வைக்கக் கூடாது, அன்றைக்கே ஏரிக்கரையில் போட்டு எரிக்க வேண்டும் என்று நீங்கள் குதித்தீர்களே, அதேதான். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷம் அவர் முதுகு பட்டுக் கிடந்த இடம். பரணில் ஏற்றி வைத்திருந்தேன். நார் போதாமல் போனபோது இறக்கி, கத்தியால் கிழித்து, கட்டி கட்டியாக வெட்டித் தொட்டியில் அடைத்தேன். செய்யக் கூடாதது என்றால் எனக்குப் பாவம் வரட்டும்.

இன்னொன்று. நாலாவது தொட்டி விளிம்பில் பூக்கிற வெள்ளையை யாரோ துடைக்கிறார்கள். விரல் அகலத்துக்கு ஒரு கோடு. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது கோடு இருக்கிறது. வெளித்தாழ்ப்பாள் நான் போட்டது, போட்டபடி இருக்கிறது. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறது, பூனை வராது. என் கண்ணில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டு ஜமீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா பூங்கா இது, யாரோ தொட்டு நக்கினா மாதிரி கீதே" என்றாள். அதற்கப்புறம் அவள் அந்த அறைக்கு வருவதில்லை.

நானும் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அது சுண்ணாம்பு இல்லை, மாமா.

பூங்காவனம்


பொள்ளாச்சி
8-3-1997

பூங்காவனம்,

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே நாலு தொட்டியையும் ஏரிக்கரைக்கு எடுத்துப் போய்க் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிடு. கையால் கிளறாதே. உள்ளே பார்க்காதே. நோயாளியின் வியர்வையும் மூத்திரமும் ஊறின நார், அதில்தான் செடி கெடுகிறது, வேறொன்றும் இல்லை. திவசத்துக்கு ஜன்னல் ஓரத்து ஆறு செடியின் மிளகாய் போதும்.

சொன்னதைச் செய்.

தசரதன்


கோவில்பதாகை
16-3-1997

மாமாவுக்கு,

கிளறாதே என்று எழுதினீர்கள், கிளறினேன். நீங்கள் அதை எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியே இருக்காது.

நாலாவது தொட்டியில் வேர் ஒரு நார்க்கட்டியைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே மெத்தைத் துணி, ஒரு சாண் அகலம். அதில் தையல். நான் போட்ட தையல் இல்லை. கோணி ஊசியால் மெல்லிசு நார்க்கயிற்றில் தைத்தது. தையலுக்குள்ளே உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பொட்டலம். முக்கால்வாசிக்கு மேல் கல் உப்பு. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்திருக்கும்போல, அடியில் ஈரம். வாயைக் கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, வால் உள்ளே.

நீங்கள் அனுப்பிய பார்சல் கயிற்றை நான் எறியவில்லை. அரிவாள்மனையில் அறுத்தாலும் முடிச்சு அப்படியே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கை.

மற்ற மூன்று தொட்டியிலும் காலிப் பொட்டலம். என் கத்தி கிழித்துவிட்டிருக்கிறது. மூன்றிலும் அதே முடிச்சு.

நீங்களா மாமா? நீங்களா?

"இன்னா பூங்கா, ஒரு கல்லு உப்பு குடுத்தா இன்னா ஆயிடும்" என்று அவர் கெஞ்சும்போதெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு அழுதவள் நான். அவரோடு சேர்ந்து நானும் இரண்டு வருஷம் உப்பில்லாமல் தின்றேன். அவருக்கு உப்பைக் கொண்டுவந்து, முதுகுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டு, பந்தலில் நின்று என்னைச் சொன்னீர்களே! உங்களைப் பெற்ற தாய் என் கையில் தண்ணீர் வாங்க மாட்டேன் என்கிறாள், அதைக் கேட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் சும்மா உட்கார்ந்திருந்தீர்களே! உங்களுக்குச் சோறு எப்படி இறங்கியது?

பதில் போடுங்கள்.

பூங்காவனம்


கோவில்பதாகை
6-4-1997

மாமாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நான் தபால்காரரைத் தெருமுனையில் போய் நின்று மறிக்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே கையை விரிக்கிறார்.

இத்துடன் நாலாவது தொட்டியின் நார் ஒரு பிடி வைத்திருக்கிறேன். உங்கள் வேலை அதுதானே, சோதித்துப் பாருங்கள். நீங்கள் பொய் எழுதலாம், உப்பை அளக்கிற உங்கள் மீட்டர் எழுதாது.

செடி இன்னும் சாகவில்லை. சாகவும் மாட்டேன், பிழைக்கவும் மாட்டேன் என்று நிற்கிறது, அவர் இருந்த மாதிரியே. விளிம்பில் கோடு தினமும் விழுகிறது. இப்போது இரண்டு விரல் அகலம்.

பூங்காவனம்


பொள்ளாச்சி
15-4-1997

அம்மா பூங்காவனம்,

நான்தான்.

முதல் கடிதத்தில் நீ அனுப்பிய இலையைப் பார்த்ததுமே தெரியும். ஓரம் தீய்ந்த இலை என்றால் உப்பு. எங்கள் கம்பெனியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் சொல்வான். மெத்தை நார் என்று அப்போது தெரியாது. ஆனாலும் உனக்கு எழுதுகிற கடிதத்தில் உப்பு என்று எழுதக் கை வரவில்லை. மக்னீசியம் என்றேன், காற்று என்றேன், இரும்பு என்றேன். நான் அனுப்பிய எப்சம் உப்பு அந்தச் செடியை இன்னும் கொஞ்சம் கொன்றது. ஏற்கெனவே உப்பு ஏறின நாரில் இன்னொரு உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னேன்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். லோகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நாக்கு செத்துப்போச்சுண்ணா. எப்டியும் போறவன் நானு. உப்பைத் தொட்டு நாக்குல வெச்சிகினு போறேனே" என்று அழுதான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியில் மீன் காட்டினவன் நான். இல்லை என்று சொல்ல முடியவில்லை. மாசிக்கு வரும்போது நாலு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். மெத்தையின் நாலு மூலையிலும் கிழித்து வைத்து, கை நுழைகிற அளவு வாய் விட்டுத் தைத்தேன். எந்தப் பக்கம் புரண்டாலும் கை எட்ட வேண்டும் என்று சொன்னான். முடிச்சை மட்டும் இறுக்கிப் போட்டேன். நடுங்குகிற விரலால் அடிக்கடி அவிழ்க்க முடியாது, பல்லால் மல்லுக்கட்டித்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பான் என்று கணக்குப் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், "யாருங்க இவருக்கு உப்பு குடுத்தது?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வாயில் உன் பெயர் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதைக் காப்பாற்றத்தான் பந்தலில் சத்தமாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் போன நாளிலிருந்து என் நாக்கில் எல்லாமே உப்புக் கரிக்கிறது. காபி, பச்சைத் தண்ணீர், வெல்லம், எல்லாம். சரக்கை நாக்கில் வைத்துச் சொல்லுகிற பெருமை போய்விட்டது, மீட்டரை மட்டும் நம்பித்தான் வேலை பார்க்கிறேன்.

நீ அனுப்பிய நாரை மீட்டரில் வைத்தேன். முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டது. நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து மறுபடி வைத்தேன். அதே இடம். எப்பேர்ப்பட்ட கடலோரத்து நாரும் மூன்று அலசலில் இறங்கிவிடும், பூங்காவனம். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். இதை ஏழு தடவை அலசினேன். ஏழாவது தடவையும் முள் அதே இடத்தில் நின்றது. மீட்டரை மாற்றினேன், அப்போதும் நின்றது. உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லவில்லை.

உன் செடிக்கு உண்மையான வைத்தியம் இது. தொட்டி கொள்ளுகிற அளவுக்கு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்று, அடியில் வடிந்து ஓடட்டும். இரண்டு நாள் விட்டு மறுபடி ஊற்று. அதன் பிறகு இத்துடன் வரும் பொட்டலத்தில் உள்ள கால்சியம் நைட்ரேட்டைச் சிட்டிகை போட்டுக் கரைத்து விடு. நார் பிடித்து வைத்திருக்கிற உப்பைக் கால்சியம்தான் தள்ளிவிடும். இந்த முறை பொட்டலத்தை ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன், முடிச்சுப் போடக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டு. நான் வருவதா வேண்டாமா என்று நீ சொல்.

தசரதன்


கோவில்பதாகை
27-4-1997

மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். உங்கள் மேல் இரக்கம் வந்து அழவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரசத்தில் தப்பித் தவறிக் கை பட்டிருக்குமோ, ஜமீலா வீட்டுக் குழம்பை அவர் கண் படுகிற இடத்தில் வைத்தேனோ என்று. இனிமேல் கேட்க வேண்டாம். அது போதும் என்றுதான் அழுதேன்.

கடிதத்தை அத்தையிடம் காட்டச் சொல்லுகிறீர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியாதா? நான் படித்துக் காட்டினால், நானே எழுதிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். பந்தலில் சொன்ன வாய் பந்தலில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழாம் தேதி திவசத்துக்கு அத்தையும் பட்டாபிராம்காரர்களும் கோவிலுக்கு வந்து அப்படியே திரும்புவதாக இருக்கிறார்கள். நீங்கள் அவர்களை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பின் அறையில் நிறுத்தி, உங்கள் வாயால் சொல்லுங்கள். அத்தை என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்குமேல் உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

செடி விஷயம். மூன்று தொட்டியை நீங்கள் சொன்னபடி கழுவினேன். வீக்கம் வடிந்து, குருத்து பச்சையாக வருகிறது. ஒன்றில் மொட்டும் இருக்கிறது. திவசத்துக்கு ஜன்னல் ஓரத்து மிளகாயைப் பறித்து மோரில் போட்டாயிற்று.

நாலாவதைக் கழுவவில்லை. மெத்தையில் நீங்கள் தைத்து வைத்த உப்புப் பொட்டலத்தை அதன் விளிம்பிலேயே வைத்திருந்தேன். நீங்கள் கட்டினதை அத்தை கண்ணெதிரில் நீங்களே அவிழ்க்க வேண்டும் என்று வைத்தேன். அந்த முடிச்சை நான் தொடவில்லை, தொட்டாலும் எனக்கு அவிழாது. ஈரத்தில் கயிறு ஊறி இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தாழ்ப்பாளைத் திறந்தேன். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அறுக்கவில்லை, கடித்த தடமும் இல்லை. கயிறு நீளமாக, நேராகத் தொட்டி மேல் கிடந்தது. எனக்குப் பயம் வரவில்லை மாமா, ஏனென்று தெரியவில்லை. "மெதுவாங்க, மெதுவா" என்று மட்டும் சொன்னேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஏழாம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கிடைக்கிற ரயிலில் ஏறி, அத்தையையும் அழைத்துக்கொண்டு முன்னாலேயே வந்துவிடுங்கள். உப்பு முக்கால் பொட்டலமாக இருந்தது. இன்று காலையில் பார்த்தேன், அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது.

பூங்காவனம்